ஒரு வேலையா வந்தேன்

அப்பா டூட்டி முடிந்து வருவதை முதலில் சில்லறைச் சத்தம்தான் சொல்லும். டிப்போவில் வசூலைக் கட்டிவிட்டுத்தான் வருவார். ஆனாலும் தோல் பையின் அடியில் நாலைந்து காசு தங்கியிருக்கும். பையை ஆணியில் மாட்டும்போது அவை உருளும். அந்தச் சத்தம் கேட்டதும் நானும் தம்பியும் தங்கையும் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். பயம் என்று சொல்ல முடியாது. அவர் எங்களை அடித்ததே இல்லை. பதினாறு மணி நேரம் நூறு பேரிடம் பேசிவிட்டு வந்தவருக்கு வீட்டில் அமைதி வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தார்.

அவர் எங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாதான் வந்து சொல்வார். "உங்கப்பா சாப்பிடச் சொன்னாக." "நாளைக்குப் பரீட்சையாம்ல, வெள்ளனப் படுக்கச் சொன்னாக." அப்பா அடுத்த அறையில்தான் இருப்பார். நடுவில் கதவுகூடக் கிடையாது, பழைய சேலையைக் கிழித்துத் தொங்கவிட்ட திரை மட்டும்தான். இரவில் விளக்கை அணைத்த பிறகு அவர் அம்மாவிடம் பேசுவது கேட்கும். குரல் கேட்கும், சொற்கள் கேட்காது. பஸ்ஸில் படிக்கட்டு வரை எட்டுகிற அந்தக் குரல் வீட்டுக்குள் அவ்வளவு தணிந்துவிடும். அந்த முணுமுணுப்பைக் கேட்டபடிதான் நாங்கள் தூங்கிப்போவோம்.

சினிமாவில் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேலைத் திரை நினைவுக்கு வரும். கொட்டகையின் வெள்ளைத் திரை, எங்கள் வீட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் காட்டுகிறது என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இன்றும் பாதி நம்புகிறேன்.

ஊர் திண்டுக்கல். அப்பா கண்டக்டர். பஸ்ஸின் பக்கவாட்டில் முதலில் பாண்டியன் என்று எழுதியிருந்தது, பிறகு ராணி மங்கம்மாள் ஆனது, 1997-க்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. மூன்று பெயருக்கும் அப்பா ஒரே காக்கிச் சட்டையில்தான் விசில் ஊதினார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நைட் ஹால்ட். கடைசி சிங்கிள், அதாவது கடைசி நடை, ஏதாவது ஒரு கிராமத்தில் போய் நிற்கும், விடியற்காலை முதல் பஸ்ஸாக அங்கிருந்தே கிளம்பும். இடைப்பட்ட இரவில் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸின் சீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் இருந்தால் இரண்டாவது ஆட்டத்துக்குப் போவார்கள். அப்பா நிறையப் படம் பார்த்தவர் என்பதே எனக்கு நெடுங்காலம் தெரியாது. வசூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து, எங்கள் யாருக்கும் தெரியாமல் அவர் பார்த்த படங்கள் எத்தனையோ.

அவர் பஸ்ஸில் நாங்கள் ஏறினால் அரை டிக்கெட் கிழிப்பார். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு அரை டிக்கெட் என்பது அப்போதைய விதி. தங்கையை அம்மா இடுப்பிலிருந்து இறக்காமல், "இவளுக்கு என்ன, கைப்பிள்ளைதானே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்பா ஒன்றும் பேசாமல் தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல் பைக்குள் போட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்து அம்மா கையில் கொடுத்தார். மற்றப் பயணிகளிடம் நீட்டுவதுபோலவே, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

பின்னால் 'தங்கப்பதக்கம்' பார்த்தபோது அந்த அரை டிக்கெட்தான் ஞாபகம் வந்தது. 1974-ல் வந்த படம். மகேந்திரன் எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையில் போட்டு, பிறகு பி. மாதவன் இயக்கிப் படமானது. போலீஸ் அதிகாரி சௌத்ரி கடமைக்காகத் தன் மகனையே சுடுகிறார். ஊரே அந்த முடிவைக் கொண்டாடியது. எனக்கு அது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிப்பதில்லை. பிள்ளையைத் தண்டிப்பதால் தகப்பன் உயர்ந்துவிடுகிறான் என்று ஒரு தலைமுறைக்கே அந்தப் படம் சொல்லிக்கொடுத்தது. எங்கள் அப்பா செய்தது வேறு. விதியையும் மீறவில்லை, எங்கள் செலவையும் எங்கள் தலையில் ஏற்றவில்லை. நடுவில் தன் சட்டைப் பையை வைத்தார். சௌத்ரிக்கு அப்படி ஒரு வழி தோன்றாமல் போனதே என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் கோபுரத்தின் தயவில் எங்கள் தெருவுக்கும் தூர்தர்ஷன் வந்தது. தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அந்த வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். அங்கேதான் 'வியட்நாம் வீடு' பார்த்தேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும் பிரஸ்டீஜ் பத்மநாபனைப் பார்த்து, எங்கள் அப்பா வயதுக்காரர்கள் எல்லாரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். 1970-ல் அந்த வேடத்தைக் கட்டியபோது சிவாஜிக்கு வயது 41 என்பதைப் பிறகு தெரிந்துகொண்டபோது நம்பவே முடியவில்லை. நேற்று வரை அவர் வருகைக்காக எழுந்து நின்ற வீடு, சம்பளம் நின்றதும் உட்கார்ந்தபடியே அவரைப் பார்க்கத் தொடங்குகிறது. பத்மினியின் சாவித்திரி ஒருத்திதான் கடைசி வரை எழுந்து நிற்கிறாள். அந்தப் படத்தில் அப்பாவைப் புரிந்துகொள்வதெல்லாம் அம்மாவின் வேலையாகவே இருந்தது. எங்கள் வீட்டிலும் அதுதானே நடந்தது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1989, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கு பஸ்ஸில்தான் போய்வருவேன். சில நாட்களில் அது அப்பாவின் பஸ்ஸாக அமையும். அன்று சந்தை நாள், கூட்டம் பிதுங்கியது. வகுப்புத் தோழிகள் இரண்டு பேரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒருவருக்கும் அப்பாவுக்கும் சில்லறைத் தகராறு. இறங்கும்போது தருகிறேன் என்று டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறார் அப்பா. அந்த ஆள் இப்போதே வேண்டும் என்றார். வார்த்தை தடித்தது. "பிச்சைக் காசுல வயிறு வளக்குறவன்தானடா நீ" என்றார். வாடா போடா என்றார். அப்பாவின் அம்மாவையும் இழுத்தார். ஒருமுறை சட்டைக் காலரையும் பிடித்தார். பஸ்ஸில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். அப்பா திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலிருந்து அடுத்த டிக்கெட்டைக் கிழித்தபடி நகர்ந்தார். விரல் மட்டும் நடுங்கியது.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "பாவம்டி. அந்தக் கண்டக்டரை உனக்குத் தெரியுமா? உன்கிட்ட டிக்கெட்டே கேக்கலையே?"

"பாஸ் இருக்குன்னு தெரியும்" என்றேன். "ஆளைத் தெரியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா அப்போது எங்கள் சீட்டுக்கு நேர் பின்னால் நின்றாரா, இரண்டு சீட் தள்ளி நின்றாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இறங்கும்போதும் பார்க்கவில்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று இரவும் சேலைத் திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு வெகுநேரம் நீடித்தது. மறுநாள் காலை அம்மா தலை பின்னிக்கொண்டே, "நாளையிலருந்து எட்டே காலுக்கு வர்ற டவுன் பஸ்லயே போவியாம். உங்கப்பா சொல்லச் சொன்னாக" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அப்பா கேட்டுவிட்டார், கோபமாக இருக்கிறார், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்த கிட்டத்தட்ட முப்பது வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2003-ல், 58 வயதில் அப்பா ஓய்வு பெற்றார். வாழ்நாளில் முதல்முறையாக எல்லா இரவும் வீட்டில் இருந்தார். அது 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்த காலம். 2002-லிருந்து 2005 வரை சன் டிவியில் வந்த தொடர், திருமுருகன் இயக்கியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். அந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் மாமியார் கொடுமையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தது சிதம்பரத்தைத்தான். சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும்போது அவர் தோள் எப்படி இறங்கும், மகள் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தும் தெரியாததுபோல எப்படி முகத்தை வைத்துக்கொள்வார், எதிர்த்துப் பேசினால் அந்தப் பேச்சு மகள் முதுகில்தான் விழும் என்பதால் எப்படி வாயை அடக்கிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். சினிமா அப்பாவுக்கு இரண்டரை மணி நேரம்தான். அதற்குள் அவர் ஒருமுறையாவது வெடித்தாக வேண்டும். தொடர் அப்பாவுக்கு நூற்றுக்கணக்கான இரவுகள் இருந்தன, அவர் வெடிக்காமலே இருக்க முடிந்தது. பெண்ணைப் பெற்ற எங்கள் ஊர் அப்பாக்களுக்கு அதுதான் பொருந்தியது. எத்தனையோ நல்ல படங்கள் வந்தும் அந்த அடக்கத்தை இவ்வளவு நீளமாக எவரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம்.

தங்கைக்கு அப்போது திருமணமாகி ஒரு வருடம். புகுந்த வீட்டில் பிரச்சினை. அப்பா மாதம் இரண்டு முறை அந்த ஊருக்கு பஸ் ஏறுவார். இரண்டரை மணி நேரப் பயணம். வாசலில் நின்று, "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்பார். அந்த ஊரில் அவருக்கு என்ன வேலை இருக்க முடியும்? சம்பந்தி வீட்டாரும் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காபியில் பாதியைக் குடித்துவிட்டு, தங்கை சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு, கொண்டுபோன வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சாப்பிடச் சொன்னால் அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கையில வளையல் இருக்கு, முகம் கொஞ்சம் பரவாயில்ல" என்று மட்டும் சொல்வாராம். அம்மா போனில் அதை அப்படியே எனக்கு ஒப்பிப்பார்.

தொடரில் சிதம்பரம் ஏதாவது வீட்டு வாசலில் நிற்கும் நாளில், அப்பா விளம்பரம் வரும் வரைகூடக் காத்திருக்க மாட்டார். எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

2004 தீபாவளியை ஒட்டி, ஓசூரில் வேலையிலிருந்த தம்பி வந்திருந்தபோது '7ஜி ரெயின்போ காலனி'க்குப் போனோம். செல்வராகவன் படம். ஊரே காதலுக்காகப் பார்த்தது. தம்பி வெளியே வந்து பேசியதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். படம் முழுக்க மகனைத் திட்டிக்கொண்டே இருக்கும் அப்பா. மகனுக்கு ஹீரோ ஹோண்டாவில் வேலை கிடைக்கிறது. அதைக்கூட அவர் முகத்துக்கு நேரே கொண்டாடுவதில்லை. இரவில், மகன் காதில் விழாது என்று நினைத்து, மனைவியிடம் குரல் உடைந்து பெருமைப்படுகிறார். அவனிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறார். மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அம்மாவைப் பிடித்துக்கொண்டான். "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அப்பா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையேப்பா" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "டிப்போவுல அன்னைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாகளாம். டிரைவர் அண்ணன் வீட்டுக்கு வந்தப்ப சொல்லித்தான் எனக்கே தெரியும்."

தம்பி எழுந்து போய் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, "ஓசூர்ல இப்ப நல்ல குளிரு" என்றான். "ம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அந்தப் படம் பிறகு டிவியில் வந்தபோது அப்பாவும் கூடத்தில் இருந்தார். அந்த இரவுக் காட்சி வந்தது. அப்பா தலையை முன்னால் நீட்டிப் பார்த்துவிட்டு, "இவன் விஜயன்ல? உதிரிப்பூக்கள்ல ஆத்துல இறங்குனவன்" என்றார். சினிமாவைப் பற்றி அப்பா என்னிடம் நேரடியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

எனக்கு அந்தத் தொடர்பு அதுவரை தோன்றவே இல்லை. 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்' மகேந்திரனின் படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்தது. அதில் விஜயன் ஏற்ற சுந்தரவடிவேலுபோல ஒரு தகப்பனைத் தமிழ் சினிமா அதற்கு முன்னும் பின்னும் துணிந்து காட்டியதில்லை. நோயாளி மனைவியை வதைக்கிறவன், பிள்ளைகள் மேல் ஒட்டுதலே இல்லாதவன், தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாரையும் கருக்குகிறவன். கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றில் இறங்க வைக்கிறது. கரையில் அந்தச் சின்னப் பிள்ளைகள். தகப்பன் என்றாலே தெய்வம் என்று பாடிக்கொண்டிருந்த ஒரு சினிமாவில் மகேந்திரன் அதைச் சொன்னார். 'தங்கப்பதக்கம்' எழுதிய அதே கை. 25 வருடம் கழித்து அதே நடிகர், பாசத்தை வெளியே காட்டத் தெரியாத ஓர் அப்பாவாக, எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவராக, இரவில் மனைவியிடம் விம்முகிறார்.

"எங்க பார்த்தீங்கப்பா உதிரிப்பூக்கள்?" என்று கேட்டேன்.

நைட் ஹால்ட்டில், ஒரு டூரிங் டாக்கீஸில் பார்த்தாராம். எனக்கு நாலைந்து வயது இருக்கும்போது. எந்த ஊர் என்று சொன்னார், டிரைவர் யார் என்று சொன்னார். படத்தைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா சமையலறையிலிருந்தே, "அன்னைக்கு முதல் சிங்கிள் முடிச்சுட்டு டிப்போவுக்குக்கூடப் போகாம நேரா வீட்டுக்கு வந்து, தூங்கிக்கிட்டிருந்த பிள்ளைகளப் பாத்துட்டுப் போனாகளே, அந்தப் படமா?" என்றார். அப்பா பதில் சொல்லாமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

அதற்குப் பின் வந்த அப்பா படங்கள் எதையும் நான் தவறவிட்டதில்லை. 2005-ல் சேரனின் 'தவமாய் தவமிருந்து'க்கு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போனேன். சிவகங்கையில் சின்ன அச்சகம் நடத்தும் முத்தையாவாக ராஜ்கிரண். அது வரை முரட்டு ஆளாகவே தெரிந்தவரின் பெரிய உடம்பில் அவ்வளவு கனிவு இருப்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். கொட்டகை முழுக்க விசும்பல். அப்பா அழவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அம்மாவிடம், "இவ்வளவு எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டக் கூடாது" என்றார். இந்த முறை எனக்குச் சொற்களும் கேட்டன. அந்தப் படத்தை நேசிக்கிறேன், குறைத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பட்ட பாட்டையெல்லாம் வரிசையாக அடுக்கிக் காட்டும்போது அது பிள்ளையின் கையில் கொடுத்த கடன் பத்திரமாக ஆகிவிடுகிறது. கட்டித் தீராத கடன். அப்பாவுக்கு அந்தப் பத்திரம் எழுத விருப்பமில்லை.

2008 அப்பாக்களின் வருடம். 'சந்தோஷ் சுப்பிரமணியம்', 'வாரணம் ஆயிரம்', 'அபியும் நானும்' மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தன. முதல் படத்திலும் மூன்றாவதிலும் அப்பா பிரகாஷ்ராஜ்தான். ஒன்றில் மகனுக்குச் சட்டையிலிருந்து எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுக்கிறவர், மற்றதில் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவதற்கே பதறுகிறவர். கௌதம் மேனன் 'வாரணம் ஆயிர'த்தைத் தன் மறைந்த தந்தையின் நினைவில் எடுத்தார். அந்தப் படத்து அப்பா மகனிடம் நண்பன்போலப் பேசுகிறார், காதலைப் பற்றிக்கூட. அழகாகத்தான் இருந்தது. ஏதோ வெளிநாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ராதாமோகனின் 'அபியும் நானும்' அப்படியில்லை. அப்பாவின் பயத்தை அது மறைக்கவில்லை, தியாகம் என்று பெயர் மாற்றவும் இல்லை. மகள் வளர்வதைத் தாங்க முடியாத ஒரு மனிதர், தான் இன்னும் வளரவில்லை என்று கற்றுக்கொள்கிறார். இந்த மூன்றில் அதற்குத்தான் என் மனதில் முதலிடம்.

ராமின் 'தங்க மீன்கள்' 2013-ல் வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல், வேலைக்காக மகளைப் பிரிந்து கொச்சிக்குப் போகும் அப்பா கல்யாணியைப் பார்த்து என் கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் செல்லம்மாவாக நடித்த சாதனாவுக்கும், நா. முத்துக்குமாரின் பாட்டுக்கும், சிறந்த தமிழ்ப் படம் என்று அந்தப் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. கல்யாணி தன் மகளுக்கு அப்பாவாக இருக்கும் அதே நேரத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியரான தன் அப்பாவின் முன்னால் கூனிப்போன பிள்ளையாகவும் இருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு அப்பாக்கள். பெரியவராக நடித்த பூ ராமுவின் கண்களில் கண்டிப்பும் இரக்கமும் ஒன்றாகக் கலங்கி நிற்கும். வீடு திரும்பியதும் கணவர் தன் அப்பாவுக்கு போன் செய்தார். மழை பெய்கிறதா என்று கேட்டார்.

பிறகு 2018. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'.

சட்டக் கல்லூரியில் அப்பாவை அழைத்துவரச் சொல்கிறார்கள். பரியன் வேறொருவரை அப்பா என்று சொல்லிக் கூட்டிப் போகிறான். அவனுடைய அப்பா பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞர். பிறகு அந்த நிஜ அப்பா கல்லூரிக்கு வருகிறார். மாணவர்கள் அவர் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். அந்த வேடத்தைச் செய்த வண்ணாரப்பேட்டை தங்கராசு நிஜத்திலும் நாட்டுப்புறக் கலைஞராக இருந்தவர். அந்த ஓட்டத்தில் நடிப்பு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. திரையை என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டகை இருட்டில் நான் பார்த்ததெல்லாம் சந்தைக் கூட்டமும், காலரைப் பிடித்த கையும், டிக்கெட் கட்டில் நடுங்கிய விரலும்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பரியனின் மறைப்புக்குப் பின்னால் சாதி இருந்தது. ஒவ்வொரு நாளும் அவனைத் தரையில் தேய்த்த ஒரு ஊர் இருந்தது. அப்பாவைக் காட்டினால் அவரையும் தேய்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், அப்படியேதான் நடந்தது. என் பொய்க்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது. இரண்டு தோழிகளின் முன்னால் தலை குனியக் கூடாது என்ற ஆசை மட்டும்தான். அவன் வலியை என் வலி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் படம் பார்க்காமல் இருந்திருந்தால் நான் அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நான் ஒன்பதாவது படிக்கும்போது டவுன் பஸ்ல போகச் சொன்னீங்களே, அன்னைக்கு ராத்திரி அப்பா என்ன சொன்னாரு?" என்றேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பஸ்ல என்னமோ தகராறாம்ல. 'பாப்பா பாத்துருச்சு. நான் இருக்கிற பஸ்ல அதால தலை நிமிந்து உக்கார முடியல. அதுக்குச் சங்கடம் வேணாம், வேற பஸ்ல போகச் சொல்லு'ன்னாக."

"கோவமா சொன்னாரா?"

"அழுதாக."

அம்மா கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினார். ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அழுவியே. அன்னைக்கு உனக்குப் பரீட்சை வேற" என்றார்.

சினிமாவில் அப்பா இரவில் பேசும்போது பிள்ளை கதவுக்குப் பின்னால் விழித்திருக்கிறான். இயக்குநர் அவனை அங்கே நிறுத்திவைக்கிறார். எங்கள் வீட்டில் திரைக்கு இந்தப் பக்கம் நானும்தான் விழித்திருந்தேன். நடுவில் அம்மா இருந்தார். எதைக் கொண்டுவந்து கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் உடையும் என்று அவர் ஒவ்வொரு இரவும் தீர்மானித்தார். அப்பாக்களைப் பற்றி இத்தனை படம் எடுத்தவர்கள் அந்தத் தீர்மானத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கவில்லை. 7ஜி காட்சியை மறுபடி பார்த்தபோது, அழும் கணவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் முகத்தைத்தான் தேடினேன்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. மதுரையில் என் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருகிறார். இப்போதும் வாசலில் நின்று, "மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்பார். என் வீடு மாட்டுத்தாவணியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம்.

போன மாதம் அவரைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றால் கேட்க மாட்டார். ஏறியதும் சரியான சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டார், கண்டக்டருக்குச் சிரமம் தரக் கூடாதாம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். கண்டக்டர் இளைஞர், முப்பது இருக்கும். எனக்கு இலவசச் சீட்டும் அப்பாவுக்குக் காசுச் சீட்டும் கிழித்துக் கொடுத்தார். முன் சீட்டில் ஒரு பெண் எதற்கோ அவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லாமல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பாவும் கண்டக்டர்தான்" என்றேன். சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன். "முப்பது வருசத்துக்கு மேல."

"அப்படியா! எந்த டிப்போங்கய்யா?"

அப்பா டிப்போ பெயரைச் சொன்னார். ரூட் நம்பர்களைச் சொன்னார். நத்தம் ரோடு அப்போது எப்படி இருந்தது, எந்த ஊரில் நைட் ஹால்ட், எங்கே கொசு அதிகம், எங்கே டூரிங் டாக்கீஸ் இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பழைய குரல், படிக்கட்டு வரை எட்டும் குரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியும் பேச்சு நிற்கவில்லை. இளைஞர் விசிலை வாயில் வைத்தபடியே தலையாட்டிக் கேட்டார். எங்கள் நிறுத்தம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டவர், இறங்காமல் திரும்பி, "இப்ப பேட்டா எவ்வளவு தம்பி தர்றாங்க?" என்று கேட்டார்.